பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த பணம்

இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெறுகிற நம்மவர்கள், சேமநல நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்ததும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு: "மகனுக்குப் பத்து லட்சம் கொடுக்கலாமென்று இருக்கிறேன். வருமான வரிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்களா?" எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் காலந்தள்ளியவன் என்பதால், இதிலெல்லாம் நான் வல்லுநன் என்று மஹல்லாவில் ஓர் எண்ணம்.

பிடிக்க மாட்டார்கள். நன்கொடை வரி என்று ஒன்று 1958 முதல் இருந்தது உண்மை. 1998 அக்டோபர் முதல் நாளிலிருந்து அது இல்லை. ஆனால் அந்தப் பழைய அச்சம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. அயலாரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகப் பெற்றால் பெற்றவருக்கு அது வருமானமாகும். தாய் தந்தையர் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு இந்த வரம்பு கிடையாது. வளர்ந்த பிள்ளை அந்தப் பணத்தை முதலீடு செய்து ஈட்டுவது அப்பிள்ளையின் வருமானமே. மருமகளின் பெயரில் போட்டால் மட்டும், அதில் வரும் வட்டி மாமனாரின் கணக்கில் சேர்த்து எண்ணப்படும். துபாயிலிருந்து அனுப்புகிற பெரியவாப்பாவின் மகன் நமக்குச் சகோதரரே என்றாலும், வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அவர் இல்லை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017 முதல் சட்டம் தடுக்கிறது. வாங்கியது எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகலாம்; கொடுத்தவர் பெற்ற தந்தையே ஆனாலும் சரி.

வரியின் கதை இவ்வளவுதான். இதற்கு அஞ்சுகிறவர்கள், அஞ்ச வேண்டிய வேறொன்றை எண்ணிப் பார்ப்பதேயில்லை.

எங்கள் தெருவில் ஒருவர், மர்ஹூமாகிவிட்டவர், ஓய்வு பெற்ற ஆண்டில் மூத்த மகனுக்குப் பன்னிரண்டு லட்சம் கொடுத்தார். மகன் அதைக் கொண்டு வீடு வாங்கினார். ஆறு ஆண்டுகள் கழித்துத் தந்தை மறைந்தபோது, அவருடைய கணக்கு நோட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: "பெரியவனுக்கு 12 லட்சம்." கொடுத்தது என்றும் இல்லை, கடன் என்றும் இல்லை.

மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் வாரிசுகள். அந்தப் பணம் கடனென்றால், மூத்தவர் அதைச் சொத்தோடு சேர்க்க வேண்டும். அதில் தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, ஒன்றரை லட்சம். எஞ்சிய பத்தரை லட்சத்தில் மகன்களுக்குத் தலா நான்கு லட்சத்து இருபதாயிரம், மகளுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அன்பளிப்பென்றால், அதாவது ஹிபா என்றால், மற்ற மூவருக்கும் அதில் ஒரு காசும் இல்லை. ஒரு சொல் எழுதப்படாததால் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

ஜமாஅத்துப் பெரியவர்கள் கூடினார்கள். ஹிபாவுக்கு வேண்டியவை மூன்று: கொடுப்பவர் கொடுத்தேன் என்று அறிவிப்பது, பெறுபவர் ஏற்பது, பொருள் கைமாறுவது. கைமாறியது ஐயமற்றது. அறிவித்தாரா என்பதற்கு மூத்தவரின் வாய்மொழியைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. கடன் என்பதற்கோ அதுவும் இல்லை. திருப்பிக் கேட்க வழியில்லை என்றே முடிவாயிற்று. மகள் என்னிடம் வந்து சொன்னது இது: "பணத்துக்காக இல்லை, மாமா. வாப்பா என்னையும் நினைத்தாரா, அது தெரிந்தால் போதும்." அதற்கு விடை சொல்லக்கூடியவர் மண்ணறையில் இருந்தார்.

கடைசியில் உம்மாதான் முடித்து வைத்தார். தம் பங்கைப் பற்றிப் பேச்சே வேண்டாம், தங்கைக்கு மட்டும் கொடுத்துவிடு என்றார். மூத்தவர் இரண்டு தவணையில் கொடுத்தார். அண்ணன் தம்பி பேச்சு இன்னும் ஸலாமைத் தாண்டவில்லை.

இந்த வழக்குகள் நீதிமன்றம் போனால் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு ஹஃபீஸா பீபி வழக்கைச் சொல்லலாம். 1968இல் ஒரு தந்தை தம் மகன்களுள் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த ஹிபா அது. பதிவு செய்யப்படாததால் செல்லாது என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். மூன்று அம்சங்களும் நிறைவேறியிருந்தால் பதிவின்மையால் ஹிபா கெடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள்! தீர்ப்பு சாதகந்தான். ஆயினும் வீடு, மனை கொடுப்பவர்கள் பதிவு செய்துவிடுவதே நல்லது. கடன் கேட்டுப் போனால் வங்கி பதிவுப் பத்திரத்தைத்தான் கேட்கும். அறுபது வயதைக் கடந்தவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையை அப்பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அதை ரத்து செய்யக் கோருவதற்கு அந்த வரி பெருந்துணையாகும்.

கடைசி நோயில் படுத்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்றும் சிலர் இருக்கிறார்கள். மரண நோயில் கொடுப்பது வஸிய்யத்தின் சட்டத்துக்குள் வந்துவிடும். வாரிசு ஒருவருக்கு அப்படிக் கொடுத்தால் மற்ற வாரிசுகள் இசைய வேண்டும்.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்குத் தந்தை அளித்த அன்பளிப்புக்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்த செய்தி நாம் பயான்களில் பலமுறை கேட்டதுதான். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று வினவி, இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்தார்கள். கேட்டுவிட்டு எழுந்து வந்து, மகன் பெயருக்குக் காசோலை எழுதுகிறோம்.

இப்போது கேட்டு வருகிறவர்களுக்கு நான் அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுக்கிறேன். தேதி, தொகை, வங்கிக் கணக்கு எண், 'அன்பளிப்பாகக் கொடுத்தேன்' அல்லது 'கடனாகக் கொடுத்தேன்' என்ற சொல், பெற்றவரின் கையொப்பம், இரு சாட்சிகள். சாட்சிகளாக மற்றப் பிள்ளைகளையே போடச் சொல்கிறேன். பலர் அந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போகிறார்கள்.