ஐம்பத்தோராவது புடவை

நான் ஒரு கதையை எழுதி முடித்தால், மை உலர்வதற்குள் அது என் சொத்தாகிவிடுகிறது. எந்த அலுவலகத்தின் படியும் ஏற வேண்டியதில்லை. நான் கண்ணை மூடிய பிறகும் 60 ஆண்டுகள் அதன் உரிமை என் வாரிசுகளுக்கு உண்டு. எத்தனை ஆயிரம் பிரதிகள் அச்சானாலும் அது தேய்வதில்லை.

என் தங்கை மகள் துணிக்குச் சித்திரம் வரைகிறவள். புன்னைப் பூவைக் கொத்துக் கொத்தாக வரைந்து, பட்டறையில் 80 புடவைகள் அச்சிட்டு விற்றாள். இரண்டே மாதத்தில் அதே புன்னைக் கொத்து, பெரிய கடை ஒன்றில் பாதி விலைக்குத் தொங்கிற்று.

"வழக்குப் போடேன்" என்றேன்.

"வக்கீலைக் கேட்டாயிற்று, மாமா. ஐம்பதோடு என் உரிமை போய்விட்டதாம்."

வேடிக்கையல்ல, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டால் 10 ஆண்டுகள், நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆனால் சரக்கு வெளியே வருமுன் மனுச் செய்ய வேண்டும். வந்துவிட்டால் அது புதியதல்ல. பதியாதவர்களுக்கோ, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு காத்திருக்கிறது. தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் செய்தவுடன் பதிப்புரிமை முடிந்தது. ரித்து குமாரின் ஆடை நிறுவனமே, பீபா நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், 2016-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இதனால்தான் தோற்றது.

ஐரோப்பாவில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே பதியாத வடிவத்துக்கும், வெளிவந்த நாள்முதல் 3 ஆண்டுகள், அதைப் பார்த்து நகல் செய்யக் கூடாது. 2005-இல் கரன் மில்லன் நிறுவனம் அயர்லாந்தில் ஒரு கோடு போட்ட சட்டையை விற்றது. டன்ஸ் கடைக்காரர்கள் அதை விலைக்கு வாங்கி, வெளிநாட்டில் நகல் செய்வித்து விற்றார்கள். நகல் செய்ததை அவர்கள் மறுக்கவும் இல்லை. அதில் தனித்தன்மை இருப்பதை நிரூபி என்றார்கள். எது தனித்தன்மை என்று உரியவர் சுட்டிக்காட்டினால் போதும், நிரூபிக்க வேண்டியதில்லை என்று 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாங்காயும் மயிலும் யாருக்கும் தனிச் சொத்தல்ல, வாஸ்தவம். காதலும் பிரிவும்கூட எந்தக் கதாசிரியனுக்கும் சொந்தமில்லை. ஆயினும், நான் சொன்ன விதம் என்னுடையது என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அவள் வரைந்த விதத்துக்கு மட்டும் ஏன் இந்த மனுவும் கெடுவும்? ஒரு புடவையின் மோகம் இரண்டு தீபாவளி தாங்கினால் அதிகம். அவளுக்கு அந்த மூன்று ஆண்டுகள், கேளாமலே கிடைத்தால் போதும்.

ஐம்பத்தோராவது வாசகர் வாங்கினால் எனக்குப் பெயர் வளர்கிறது. ஐம்பத்தோராவது புடவை அச்சானால் அவளுக்கு உரிமை போகிறது.