இருண்ட மேகத்தின் மெல்லிய குரல்



யோபுவின் புத்தகத்தில் மிருகசீரிஷம் என்று நாம் வாசிக்கும் விண்மீன் கூட்டத்தைத் தை மாத இரவுகளில் நீங்கள் வானின் உச்சியில் காணலாம். வரிசையாய் நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே மங்கலான ஒளித்திட்டு ஒன்று தெரியும். அதன் பின்னே, ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில், கண்ணுக்குப் புலப்படாத பெரிய வாயு மேகம் விரிந்து கிடக்கிறது. புதிய விண்மீன்கள் இன்றும் அங்கே பிறந்துகொண்டிருக்கின்றன.

அம்மேகத்தின் பெரும்பகுதி ஹைட்ரஜன். கடுங்குளிரில் அது ஏறக்குறைய மௌனமாகவே இருக்கிறது. அதனோடு கலந்துள்ள அற்பமான பொருள்களே அதைப் பற்றி நமக்குச் சொல்லுகின்றன. அவற்றுள் ஒன்று கார்பன் அணு. பத்தாயிரம் ஹைட்ரஜன் அணுக்களுக்குக் கார்பன் ஒரு சிலவே. ஹைட்ரஜன் வந்து மோதும்போது கார்பன் அணு சிறிது ஆற்றலைப் பெறுகிறது. வேறொரு மோதல் குறுக்கிடாவிடில், சராசரியாக 5 மாத அளவு அதைத் தாங்கியிருந்து, பின்பு 492 கிகாஹெர்ட்ஸ் அலையாக வெளியிடுகிறது.

அந்த மெல்லிய அலையையும் நம் காற்றிலுள்ள நீராவி பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆகவே பிலிப்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில், 12 கிலோமீட்டருக்கும் மேலே பறந்து அதைத் தேடினார்கள். கண்டதை 1980-இல் அறிவித்தார்கள். பிற்பாடு, 1998-இல் ஜப்பானின் ஃபூஜி மலையுச்சிக்கருகே 1.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டு, மிருகசீரிஷ மேகத்தின் பரந்த பகுதிகளில் இவ்வலையை அளந்தது.

எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறொன்று. மேகத்தின் வெளிப்புறத்தில் விண்மீனொளி கார்பனின் எலக்ட்ரானைப் பறித்துவிடும். உட்புறத்தில் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். ஆகையால் தனித்த கார்பன் அணு இடையிலுள்ள மெல்லிய தோலில் மட்டுமே இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் அது மேகத்தின் உள்ளேயும் பரவியிருந்தது. அதற்குத் தரப்படும் முக்கியமான விளக்கம் இது: மேகம் சீரான சுவரன்று, திட்டுத்திட்டாய், இடைவெளிகளோடு இருக்கிறது. அவ்விடைவெளிகளின் வழியே ஒளி ஆழம்வரை செல்லுகிறது.

மேகம் மேகமே, மனித இருதயம் வேறு. எனினும், துக்க வீடுகளில் பேசாமல் அமர்ந்திருப்பவர்களைக் காணும்போது இதை நான் நினைப்பதுண்டு. மாதக்கணக்கில் ஒரு வார்த்தையும் சொல்லாதவரை, "இவர் கல்லாகிவிட்டார், எந்த ஆறுதலும் உள்ளே போகாது" என்று நாம் எளிதில் தீர்த்துவிடுகிறோம். பின்பு அவ்வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறோம். ஆனால் ஆறுதல் எந்த இடைவெளி வழியாக உள்ளே சென்றது என்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. பதிலும் நாம் விரும்பும் நாளில் வருவதில்லை.

பிரியமானவர்களே, அப்படி ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். இந்த வாரம் அவரிடம் செல்லுங்கள். பேசும்படி வற்புறுத்த வேண்டாம். சற்று நேரம் அருகில் அமர்ந்திருங்கள். அவர் மிகத் தாழ்ந்த குரலில் ஏதேனும் சொன்னால், அதைக் கேட்கும் தொலைவில் நீங்கள் இருக்க வேண்டும்.