தகடு எண்ணுகிறவள்

வெள்ளைத் தட்டில் மீன் ஒருக்களித்துக் கிடக்கிறது. ஆட்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். ஆல்கஹாலில் ஊறி விறைத்துப்போன உடம்பில் கறுப்புக் கோடுகள் மட்டும் மிச்சம். கோடுகளுக்கு நடுவே இருந்த மஞ்சள் கரைந்து போய்விட்டது. உயிரோடு இருந்தபோது எடுத்த படம் பக்கத்துக் கணினித் திரையில் இருக்கிறது. அதில் மஞ்சள் பளீரென்று தெரிகிறது. இரண்டும் ஒரே மீன்தான் என்பதற்கு நூலில் கட்டிய சின்னச் சீட்டு எண் ஒன்றுதான் சாட்சி.

அந்தப் பெண் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து தகடு எண்ணுகிறாள். செதில் இல்லாத மீன் இது. பக்கவாட்டில் ஐந்து வரிசையாக எலும்புத் தகடுகள். நடு வரிசையில் ஊசிமுனை தகட்டுக்குத் தகடு தாவுகிறது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. 19, 20, 21... வால் அடியில் தகடுகள் சிறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இடத்தில் ஊசி நின்றுவிடுகிறது. மூச்சை விட்டுவிட்டு மறுபடி தலைமாட்டிலிருந்து தொடங்குகிறாள். இந்த முறை 24. எழுதிக்கொள்கிறாள். வலப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. இடப்பக்கத்தை எண்ணுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

பிரேசில் நாட்டின் பாரா மாநிலம், அல்டமீரா நகரம். வெளியே வெயில், அப்பால் ஷிங்கு ஆறு. உள்ளே ஏ.சி. இரைச்சலும் சாராய நெடியும். அலமாரி முழுக்க ஜாடிகள். எல்லாம் கவசக் கெளுத்திகள், லோரிகாரிடே குடும்பம். பெயர் வைக்கப்பட்டவை மட்டும் 1000 சிற்றினங்களுக்கு மேல். கெளுத்திக் குடும்பங்களிலேயே இதுதான் பெரியது. கொளத்தூர் மீன் கடையில் ‘சக்கர்’ என்று கேட்டு வாங்கி, தொட்டிப் பாசியைத் தின்று தீர்க்கும் என்று நம்பி விடுகிறோமே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். 1758இல் லின்னேயஸ் அந்தச் சக்கரின் நெருங்கிய உறவு ஒன்றைப் பட்டியலிட்டபோது, உடம்பின் தகடுகளைப் பார்த்து ஸ்டர்ஜன் மீன்களோடு சேர்த்துவிட்டார். பெரியவர்களுக்கும் கண் ஏமாறும்.

இப்போது காலிப்பர். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி, மூக்கு நீளம், துடுப்பு முள்ளின் நீளம் என்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளவுகள் ஏறுகின்றன. பிறகு மீனை மல்லாத்துகிறாள். உறிஞ்சுவாய் வட்டமாக விரிந்திருக்கிறது. பாறையில் ஒட்டிக்கொண்டு ஆற்று வேகத்துக்கு ஈடுகொடுத்த வாய். ஊசியால் கீழுதட்டை விலக்கிப் பற்களைப் பார்க்கிறாள். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் குறைவு. ஹைப்பான்சிஸ்ட்ரஸ் பேரினத்தின் பக்கம் சாய்கிறது என்று பொருள். கன்னத்தை விளக்குக்குத் திருப்புகிறாள். சிறு முட்கள் கொத்தாகச் சிலிர்த்து நிற்கின்றன. முள் என்பது நம் பேச்சு. உண்மையில் அவை தோல்மேல் முளைத்த பற்கள், நம் வாயில் இருக்கும் அதே தந்தினியால் ஆனவை. கொத்து நீளமாக இருக்கிறது. ‘ஆண்’ என்று எழுதுகிறாள்.

ஜன்னலோரத்து ஜாடியில் இன்னொரு மீன் கண்ணாடியாகக் கிடக்கிறது. ட்ரிப்சின் நொதியில் தசையைக் கரைத்து, அலிசரின் சாயத்தில் எலும்பைச் சிவக்க வைத்து, கிளிசரினில் இட்டது. விலா எலும்பு, தாடை, தகடுகளின் விளிம்பு எல்லாம் செக்கச் செவேலென்று தெரிகின்றன. இந்த மேசையில் அழகு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

அவளுக்குப் பின்னால் சுவரில் கோடுபோட்ட மீன்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். அறிவியல் பெயர் வரும்வரை வியாபாரம் காத்திருக்காது. ஏற்றுமதிப் பெட்டிகளில் வந்திறங்கும் பெயரில்லாத கவசக் கெளுத்திகளுக்கு எண் கொடுக்கும் வழக்கத்தை 1988இல் ஜெர்மனியின் ‘டாட்ஸ்’ மீன் வளர்ப்பு இதழ் தொடங்கியது. எல்1, எல்2 என்று கிளம்பி ஐந்நூறைத் தாண்டியாயிற்று. ஷிங்குவின் வரிக்குதிரைக் கெளுத்தியான எல்46க்கு 1991இலேயே ஹைப்பான்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று பெயர் கிடைத்துவிட்டது. அக்கம்பக்கத்து மீன்களுக்குக் கிடைக்கவில்லை. எல்66 வெள்ளையில் கறுப்பு. எல்333 மஞ்சளில் கறுப்பு. ஒன்றில் கோடு நெளிகிறது, ஒன்றில் உடைகிறது. வேறு வேறு மீன் என்றே வளர்ப்பவர்கள் காசு கொடுத்தார்கள். 2025இல் ஆய்வுக்கட்டுரை வந்தபோது அவையெல்லாம் ஒரே சிற்றினம், ஹைப்பான்சிஸ்ட்ரஸ் சைடெலி. கூடவே எல்174க்கு ஹைப்பான்சிஸ்ட்ரஸ் யுஜா என்று பெயர், ஷிங்குக் கரையில் வாழும் யுஜா பழங்குடியை ஒட்டி.

அதனால்தான் அவள் கோடுகளைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறாள். தகடு, பல், அளவு, துடுப்பிலிருந்து ஃபார்மலினில் போடும் முன்பே கத்தரித்து வைத்த திசு. இவையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் சட்டையின் நிறம்.

ஒரே ஜாடியிலிருந்து ஏழு மீன்களை எடுத்து வரிசையாக அடுக்குகிறாள். இது புதுச் சிற்றினம்தான் என்று ஆகிவிட்டால், இவற்றில் ஒன்றுதான் பெயரைச் சுமக்கப்போகிற மூல மாதிரி. சந்தேகம் என்று வந்தால் நூறு வருடம் கழித்தும் அந்த ஒன்றைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். முதல் மீனுக்கு வால் கிழிந்திருக்கிறது. இரண்டாவது குஞ்சு. மூன்றாவதை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தள்ளுகிறாள், ஏன் என்று தெரியவில்லை. ஐந்தாவது நிலைக்கிறது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வருகிறார். அக்காரி பிடிக்கிறவர், இந்த ஊரில் கவசக் கெளுத்திக்கு அக்காரி என்றுதான் பெயர். படகில் கம்ப்ரஸர் ஓட, அதன் குழாயை வாயில் கவ்விக்கொண்டு பாறைகளுக்கு அடியில் மணிக்கணக்கில் கிடப்பவர்கள் இவர்கள். ஆள் வருவது தெரிந்தால் மீன் இடுக்குக்குள் புகுந்து முதுகு முள்ளையும் மார்பு முள்ளையும் விறைத்து ஆணி அடித்த மாதிரி நின்றுகொள்ளும். சின்னக் குச்சியால் நெம்பி நெம்பி வெளியே தள்ளி, பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துப் போடுவார்கள். அப்படி வந்தவைதான் மேசைமேல் இருப்பவையும்.

பெரியவர் கை கட்டி நின்று பார்க்கிறார். அணையைப் பற்றித்தான் முதல் பேச்சு. 2016இல் பெலோ மொன்ட்டி அணையின் மின்நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து ஆற்றுநீரில் பெரும்பகுதி கால்வாய்க்குத் திரும்பிவிட்டது. ஷிங்குவின் பெருவளைவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மெலிந்த தண்ணீர். எல்46 இயற்கையாக வாழும் ஒரே இடம் அந்த வளைவு. அங்கே இந்த வருடமும் நீர் ஏறவில்லை என்கிறார். அவள் தலையசைக்கிறாள்.

“பேர் வெச்சுட்டா விலை ஏறுமா, மகளே?”

“கடைக்காரங்க எண்ணைத்தான் சொல்லுவாங்க. சைடெலின்னு யார் கேட்டு வாங்குறாங்க?”

“அப்போ எதுக்கு இத்தனை பாடு?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்து, மைக்ரோஸ்கோப்பை அவர் பக்கம் நகர்த்துகிறாள். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிகிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “இது மேல்முனைப் பாறையில பிடிச்சது. கீழ இருக்கறதுக்குக் கன்னத்து முள்ளு இவ்வளவு இருக்காது” என்கிறார்.

அவள் பேனாவைத் திறந்துகொண்டு, எந்தப் பாறை, எவ்வளவு ஆழம் என்று கேட்கிறாள். சொல்கிறார். சொல்லி முடித்ததும், போன தடவை விட்டுப்போன மூன்று பாட்டில்களையும் கையோடு கொடுத்தனுப்பச் சொல்கிறார்.