அடிமேல் அடி

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது முன்னோர் வாக்கு. நான் அம்மியை நகர்த்திப் பார்த்ததில்லை. ஆனால் செல்போன் திரையில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை நகர்த்தப் போய் நான் கற்ற பாடத்தை என் அன்புத் தோழிகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். இதைப் படிக்கும் சிஸ்டர்மார் முழுவதும் படித்த பிறகு கோபித்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் ஊர் அடுக்கம். பெருமாள்மலையிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் மலைச்சாலையில் இருக்கிறது. காபியும் மிளகும் ஆரஞ்சும் விளையும் ஊர். எங்கள் வீட்டிற்குள் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. வீட்டுக்கு மேலே உள்ள பாறையில் ஏறி உட்கார்ந்தால்தான் கிடைக்கும். சென்ற மே விடுமுறையில் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போன நான் பாதி நாளை அந்தப் பாறையில்தான் கழித்தேன். காரணம், அண்ணன் கற்றுக்கொடுத்த கோல்ஃப் விளையாட்டு.

அதை விளையாடுவது பார்வைக்கு எளிது. எங்கோ இருக்கும் ஒருவர் நமக்கு எதிராளியாக வருவார். இருவரும் சம அளவு காசு பந்தயம் வைக்க வேண்டும். அது விளையாட்டுக் காசுதான். பந்தை விரலால் பின்னுக்கு இழுத்தால் ஒரு முள் இடமும் வலமும் ஆடும். முள் நடுவில் நிற்கும் கணத்தில் விரலை எடுத்தால் பந்து நேராகப் பறக்கும். கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ கோணிக்கொண்டு போய் மணலில் விழும். குறைந்த அடிகளில் குழியில் போட்டவருக்கே எல்லாக் காசும்.

நான் பத்து ஆட்டம் ஆடினால் இரண்டில் ஜெயிப்பேன். சிறிய பந்தய மைதானத்தில் ஆடப் பொறுமை இல்லாமல் பெரிய பந்தய மைதானத்திற்குத் தாவினேன். ஒரே மாலையில் சேர்த்த காசெல்லாம் கரைந்துவிட்டது. அப்போது திரையில் ஒரு பெட்டி மின்னியது. நிஜப் பணம் கொடுத்தால் அதில் காசும் நல்ல மட்டைகளும் கிடைக்குமாம். அப்பாவின் செல்போனை எடுத்தேன். அதன் இரகசிய எண் எனக்குத் தெரியும். நானூறு ரூபாய் போய்விட்டது. அந்தப் பெட்டியில் வந்த காசையும் இரண்டே நாளில் தோற்றேன்.

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அப்பாவிடம் பணம் குறைந்தது. தோட்டத்தில் களை எடுத்த எதிர்வீட்டு அத்தைக்கு, "திங்கள்கிழமை தர்றேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அத்தை ஒன்றும் சொல்லாமல் வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு போனார். அது ரேஷன் அரிசி வாங்க எடுத்து வந்த பை அல்ல, கடையில் அரிசி வாங்க எடுத்து வந்த பை. என்னால் அன்று இரவு சாப்பிட முடியவில்லை. ஜெபம் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவிடம் போய் அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா அடிக்கவில்லை. "அது கூலிக் காசும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை நூறு அடிக்குச் சமம். மறுநாள் பூசை முடிந்ததும் அத்தை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திங்கள் முதல் அந்த வாரம் முழுவதும் அத்தையோடு சேர்ந்து களை எடுத்தேன். என் கை கொப்பளித்ததைப் பார்த்து அவரே மருதாணி அரைத்துக் கட்டிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் என் தாய்மாமா வந்தார். இளமையில் கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் அவர் கேடியாக இருந்தவர். பயந்துவிடாதீர்கள்! ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து வழி சொல்பவருக்கு அங்கே அதுதான் பெயர். 1895ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தச் சங்கத்தின் மைதானம் தூண் பாறைக்குப் போகும் வழியில் பதினெட்டுக் குழிகளோடு விரிந்து கிடக்கிறது. நடந்ததைக் கேட்ட மாமா, "செல்போனைத் தூக்கிப் போடு" என்று சொல்வார் என நினைத்தேன். அவரோ, "எங்கே, ஆடு பார்ப்போம்" என்றார்.

நான் ஆடியதைப் பார்த்துச் சிரித்தார். "நீ குழியைப் பார்த்து அடிக்கிறே. முதல்ல காத்தைப் பாரு" என்றார். கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே தூவிக் காட்டினார். கேடிகள் அப்படித்தான் காற்றின் திசை அறிவார்களாம். திரையிலும் காற்றுக்கு ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் இருந்தன. நான்தான் அவற்றை ஒருநாளும் கவனித்ததில்லை. காற்று இடமிருந்து வலம் வீசினால் இலக்கை இடப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். பந்து உயரமாகப் போகும் மட்டை என்றால் இன்னும் கூடுதலாகத் தள்ள வேண்டும்.

"மணலைத் தாண்டி அடிக்க முடியுமான்னு யோசிக்காதே. அடுத்த அடிக்கு எங்கே நின்னா வசதின்னு யோசி" என்பது இரண்டாவது பாடம். "அடிக்கும் முன் ஒரு மூச்சு விடு" என்பது மூன்றாவது. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர்தான். அதன் அருகில் வந்ததும் அவசரப்படுபவர்களே அதிகம் தோற்கிறார்கள் என்றார். காலைப் பனி ஈரத்தில் பந்து மெதுவாக உருளும் என்றும், மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சமவெளியைவிடக் கூடுதல் தூரம் பறக்கும் என்றும் அவர் சொன்னபோது, என் இயற்பியல் பாடம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அதுவும் அம்மாவுக்கு உதவி முடித்த பிறகு. ஒரு பைசாவும் செலவழிக்கக் கூடாது. நான் மிகச் சிறிய பந்தய மைதானத்திற்குத் திரும்பினேன். பழைய கணக்கு நோட்டில் ஒவ்வோர் அடிக்கும் காற்றின் எண், நான் தள்ளிய அளவு, பந்து விழுந்த இடம் ஆகியவற்றை எழுதினேன். மூன்று வாரத்தில் பத்துக்கு ஆறு ஆட்டம் ஜெயித்தேன். புதிய மட்டை ஒன்றும் வாங்கவில்லை. மாறியது நான்தான்.

விடுதிக்குத் திரும்பும் நாளில் மாமா அந்த மைதானத்தைச் சாலையிலிருந்து காட்டினார். பச்சைப் புல்வெளியில் காட்டெருமைகள் இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. என் திரையில் அவை இல்லை! அங்கே நின்று, பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் பற்றியும் மாமா சொன்னார். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பதினெட்டு வயதில் ஆடியவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடியில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அப்போது அவர் பையைச் சுமந்த கேடி அவருடைய தாயார்!

தோழிகளே, விடுதியில் செல்போன் கிடையாது. ஆனால் அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் இப்போது கணக்குப் பாடத்தில் நான் செய்யும் தவறுகளை எழுதி வருகிறேன். எங்கே தவறினேன், ஏன் தவறினேன் என்று பார்த்தால் அடுத்த அடி நேராகிறது. அரசுத் தேர்வு என்னும் பெரிய மைதானம் முன்னால் இருக்கிறது. காற்றைப் பார்த்து, ஒரு மூச்சு விட்டு, இறைவனை வேண்டி அடிப்போம்.

நம் பையைச் சுமப்பவர்களை மட்டும் மறவாதிருப்போம். என் பையில் எதிர்வீட்டு அத்தையின் இரண்டு நாள் அரிசியும் இருக்கிறது.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி