உறை பிரிப்பதற்கு முன்

தமிழ்நாட்டில் அரசுப் பாலத்துக்கும் சாலைக்கும் விடப்படும் டெண்டர்கள் 1998இல் இயற்றப்பட்ட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பெரிய வேலைகளுக்கு இரட்டை உறை முறை உண்டு. முதல் உறையில் ஒப்பந்தக்காரர் முன்பு முடித்த வேலைகள், இயந்திரங்கள், நிதிநிலை ஆகிய விவரங்கள் இருக்கும். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். குறைந்த விலை கேட்டவர் ‘எல்1’, வேலை அவருக்கு.

உறை பிரிக்கும் நாளில் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பணம் கசியும் வழியோ பல நேரம் அதற்கு முன்பே, மதிப்பீட்டிலேயே திறந்துவிடுகிறது.

இனவாரி விலை ஒப்பந்தத்தில் மதிப்பீட்டின் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி விலை கேட்கலாம். அடித்தளம் தோண்ட மண் 9,000 கனமீட்டர், பாறை 1,000 கனமீட்டர் என்று மதிப்பீடு சொல்வதாகக் கொள்வோம். முதலாமவர் மண்ணுக்கு 200 ரூபாய், பாறைக்கு 1,200 ரூபாய் கேட்கிறார். மொத்தம் 30 லட்சம். இரண்டாமவர் 250, 800 என்று கேட்கிறார், மொத்தம் 30.5 லட்சம். முதலாமவரே எல்1. தோண்டும்போது பாறை 4,000, மண் 6,000 என்று மாறினால் முதலாமவருக்குத் தர வேண்டியது 60 லட்சம். இரண்டாமவர் 47 லட்சத்தில் முடித்திருப்பார். 50,000 ரூபாய் மிச்சம் என்று கொடுத்த வேலையில் 13 லட்சம் கூடுதல் செலவு. முதலாமவர் சட்டத்தை மீறவில்லை. பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்து, எந்த ஆழத்தில் பாறை என்று தெரிந்துகொண்டிருப்பார். துறையின் பொறியாளர் நான்கு சோதனைக் குழிகள் போட்டிருந்தால் அவருக்கும் அது தெரிந்திருக்கும். அந்தக் குழிகளின் செலவை மிச்சம் பிடிப்பதுபோல நஷ்டமான சிக்கனம் இந்தத் தொழிலில் வேறில்லை.

சதவீத ஒப்பந்தத்தில் இந்த வித்தை செல்லாது. துறையின் விலைப்பட்டியலுக்கு மேல் இத்தனை சதவீதம், கீழ் இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணைத்தான் கேட்க முடியும். ஆனால் பட்டியல் விலை பழையதாக இருந்தால் நல்ல ஒப்பந்தக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். மிகக் குறைத்துக் கேட்பவரிடம் கூடுதல் காப்புத்தொகை வாங்கும் வழக்கம் இருக்கிறது. பாதியில் வேலையை விட்டுப் போனால் அந்தப் பணம் ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும்.

இ.பி.சி. முறையில் வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் மூன்றும் ஒருவர் பொறுப்பு, தொகையும் ஒன்றே. பாறை வந்தால் பெரும்பாலும் அது அவர் பாடு. நிலத்தடி விவரம் தெரியாதபோது அந்தப் பயத்தையும் விலையில் சேர்த்தே கேட்பார்.

தேசிய நெடுஞ்சாலைகளில் 2016 முதல் நடைமுறையில் உள்ள ‘ஹாம்’ முறையில் கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை அரசு வேலை நடக்கும்போதே தரும். மீதியை ஒப்பந்தக்காரர் திரட்டிப் போட்டு, அரையாண்டுத் தவணைகளாக 15 ஆண்டுகளில் திரும்பப் பெறுவார். தவணை ஓடும் காலம் முழுக்கப் பராமரிப்பும் அவருடையது என்பதால், ஜல்லியிலும் தாரிலும் குறைவைத்தால் பின்னால் செலவு அவர் தலையில்தான் விழும். இங்கும் முன்னேற்பாடுதான் முக்கியம்: வேலை தொடங்கும் நாளைக் குறிக்கும் முன் 80 சதவீத நிலம் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை.