தயங்கும் கைகள்

சுங்கை வேயின் பழைய பட்டறைக்குள் விலையுயர்ந்த மின்சாரக் கார் ஒன்று நுழையுமாயின், முப்பதாண்டு பழகிய கையும் தயங்கும். எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டுவதில்லை. அன்றாடச் செலவு குறைவே. ஆயினும், இரண்டு டன்னை எட்டும் எடை டயர்களை விரைந்து தேய்க்கிறது. 12 வோல்ட் துணை மின்கலம் ஓய்ந்தால் வண்டியே உறங்கிவிடுகிறது. பெரிய மின்கலத் தொகுதி கெட்டாலோ, செலவு குடும்பத்தையே கலங்கடிக்கும்.

2019-ஆம் ஆண்டின் உலகச் சிறந்த கார் விருதைப் பெற்ற ஜாகுவார் ஐ-பேஸ் இதற்குச் சான்று. அதன் 432 மின்கலங்களுள் ஒன்றில் சிறு தகடு மடங்கியிருப்பினும் தீப்பற்றக் கூடும். 2024-இல் அமெரிக்காவில் 2,760 வண்டிகளை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. செய்தவர்க்கே அரிதான பழுதை எளிய பட்டறை எங்ஙனம் தீர்க்கும்?

1970-களில் சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களும் அங்கு வந்து நுண்ணோக்கியின்கீழ் மயிரிழைக் கம்பிகளை இணைக்கக் கற்றனர். பால்மரம் வெட்டிய கை அன்று கற்றது. ஸ்பானர் பிடித்த கை இன்று கற்க வேண்டும். அதற்குரிய பயிற்சி கிட்டாவிடில், வண்டிகள் வேறிடம் செல்லும். பிழைப்பும் உடன் செல்லும்.