பெங்களூரில் இரண்டு கதவுகள்

பெங்களூருக்கு வரும் அன்பர்கள் லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் கண்டு, அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையை வணங்கிவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். இம்முறை நாங்கள் சென்றது வேறொரு காரியமாக. எங்கள் மூத்த புதல்வியைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். மகளிர் கல்லூரியா, இருபாலரும் பயிலும் கல்லூரியா என்பதில் வீட்டிலேயே இருவேறு அபிப்பிராயங்கள். அல்சூரில் வசிக்கும் தமக்கையார் இல்லத்தில் தங்கி, நான்கு நாள் ஊரைச் சுற்றினோம்.

முதலில் இந்திய விஞ்ஞானக் கழகம். மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம்; கோபுரத்துடன் கூடிய கருங்கற் கட்டடம்; எதிரே ஜம்சேட்ஜி டாட்டாவின் சிலை. 1933ஆம் ஆண்டில் கமலா பாகவத் என்னும் பம்பாய்ப் பட்டதாரி இங்கு இடம் கோரி விண்ணப்பித்தார். அப்போது இயக்குநராக இருந்த ஸர் சி. வி. ராமன், பெண் என்ற ஒரே காரணத்தால் மறுத்துவிட்டார். அந்த அம்மையார் நேரில் வந்து வாதாடினார். இறுதியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது: ஓராண்டுக்கு முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார், வழிகாட்டும் ஆசிரியர் விரும்பினால் இரவிலும் உழைக்க வேண்டும், ஆடவரின் கவனம் சிதற இடந்தரலாகாது. 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, கமலா சோஹோனி எனப் புகழடைந்த பின்னரும், முதுமை வரை அந்த அவமதிப்பை அவர் மறக்கவில்லை. திருச்சியில் பிறந்த மேதை என்று ராமனைக் கொண்டாடுகிற நாம் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய சோதனைச் சாலையில் பின்னர் ஆய்வு செய்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கவில்லை. வைரங்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு, சற்றுத் தொலைவிலுள்ள ராமன் ஆராய்ச்சி நிலையத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் அரண்மனைச் சாலை வழியே மவுண்ட் கார்மல் கல்லூரியைக் கண்டோம். 1948 முதல் இந்நகரில் பெண்களுக்கெனவே நடைபெற்று வந்த கல்லூரி, 2024இல் இளங்கலை வகுப்புகளில் மாணவர்களையும் சேர்க்கத் தொடங்கியது. வேறொரு மகளிர் கல்லூரியில் பயின்ற தமக்கையாருக்கு இது வருத்தமே. "நாடகத்தில் கட்டபொம்மன் வேடம் புனைந்தவளும் பெண், மேடைக்கு விளக்குக் கட்டியவளும் பெண். மன்றத்தின் தலைமை யாருக்கு என்ற பேச்சே அங்கு எழுந்ததில்லை" என்றார்.

அன்றிரவு உணவின்போது, அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவர் மகன் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கதையைக் கூறினார். அங்கே செல்வாக்கு மிக்க பழைய ஆடவர் சங்கங்களை அடக்க எண்ணி, 2016இல் ஒரு விதி அறிவித்தனர். ஒரு பாலாருக்கு மட்டுமே உரிய சங்கத்தில் சேர்ந்தவர் மாணவர் மன்றங்களுக்கோ விளையாட்டு அணிகளுக்கோ தலைமை ஏற்கலாகாது. முதலில் அடிபட்டவை பெண்களின் சங்கங்களே. சில கலைந்தன, சில ஆடவருக்கும் கதவைத் திறந்தன. சொந்தக் கட்டடமும் பணபலமும் உடைய ஆடவர் சங்கங்கள் சில அசையவே இல்லை. வழக்குகள் எழுந்தன. பால் வேற்றுமை குறித்து உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பையொட்டி, 2020இல் பல்கலைக்கழகம் அவ்விதியைக் கைவிட்டது.

1933இல் அடைக்கப்பட்ட கதவு, உள்ளே இருந்த வசதிகளைப் பிறர்க்கு மறுத்த கதவு. மகளிர் கல்லூரியின் கதவோ, வெளியே இடம் கிடைக்காதவர்கள் தமக்கென அமைத்துக்கொண்டது. இரண்டையும் ஒரே படியால் அளப்பது நியாயமாக எங்களுக்குத் தோன்றவில்லை. தமக்கையாரும் தலையசைத்தார்.

புதல்வி மட்டும் உடன்படவில்லை. "வெளியே இடமில்லாததால் உள்ளே இடம் செய்துகொண்டீர்கள், அத்தை. இப்போது வெளியே இடம் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டாமா?" என்றாள்.

நான்காம் நாள் இருபாலரும் பயிலும் கல்லூரி ஒன்றுக்குச் சென்றோம். நாங்கள் கட்டண விவரம் கேட்டுக்கொண்டிருக்க, அவள் விடுதி வாயிலிலிருந்த காவலரிடம் போய்க் கதவு அடைக்கும் நேரத்தை விசாரித்தாள். மாணவியர்க்கு இரவு எட்டரை. மாணவர்க்கு நேரக் கட்டுப்பாடு ஏதுமில்லை என்றார் அவர். இரண்டையும் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, விண்ணப்பப் படிவத்தையும் வாங்கிக்கொண்டாள்.